குறுக்கே வைத்த கத்தி

மார்ச் 3, திங்கள்

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. "எங்கள் கறிக்கூடத்தில் எல்லோரும் வாக்களிக்கிறோம்" என்று எழுதியிருக்கிறேன். எல்லோரும் இல்லை. கத்தி வைத்திருப்பவர்கள் மட்டும்தான். தரை கழுவும் பெண்களுக்குக் கத்தி கிடையாது. அதனால் வாக்கும் கிடையாது. இதே வாக்கியத்தை மாலை வகுப்புக் கட்டுரையிலும் எழுதிக் கொடுத்துத் தொலைத்துவிட்டேன். தலைப்பு: குடிமக்களின் நேரடி ஜனநாயகம் என்று எதைச் சொல்லலாம்?

எங்கள் கூடத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்ற நினைப்பில் எழுதியது அது. முதலாளி பூட்டிவிட்டு ஓடிய வருடம் வெட்டுகாரர்கள் பூட்டை உடைத்துத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து எந்த முடிவையும் தனி ஆள் எடுப்பதில்லை. கூடத்தின் நடுவில் இரண்டு வெட்டுக்கட்டைகள் கிடக்கின்றன. கேள்விக்குச் சம்மதம் என்றால் வாசல் பக்கக் கட்டையில் கத்தியைக் குத்த வேண்டும். சம்மதம் இல்லை என்றால் குளிர் அறைப் பக்கக் கட்டையில். பிறகு பிடிகளை எண்ணுவார்கள். நான் கொழுப்பு சீவும் மேசையில் சேர்ந்து கத்தி வாங்கிய அன்றே ஒரு வாக்குப் போட்டேன். பெருமையாக இருந்தது.

கேள்வியைக் கேட்பவர் தராசு. எடை மேசையில் இருப்பதால் அந்தப் பெயர். அவர்தான் தலைவர். மற்றவர்களும் கேட்கலாம், கேட்கிறவர் தன் கத்தியை எடை மேசையில் குறுக்கே வைக்க வேண்டும், அதன் மேல் ஒரு பத்துப் பேராவது தங்கள் கத்தியை வைத்தால் தராசு அந்தக் கேள்வியை வாக்குக்கு விட்டே ஆக வேண்டும். அப்படி யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

இன்று வகுப்பில் கட்டுரைகளைத் திருப்பித் தந்தார்கள். டீச்சர் பகலில் தண்ணீர் வரி அலுவலகத்தில் குமாஸ்தா. எங்களைவிடக் களைத்துப் போய்த்தான் வருவார்.

"நேரடி ஜனநாயகம்னா என்னன்னு எனக்குத் தெரியும் டீச்சர்," என்றார் என் பக்கத்தில் உட்காரும் பஸ் டிரைவர். "எங்க வீட்டுல அதான் நடக்குது. என் பொண்டாட்டி எதையும் நேரடியாத்தான் சொல்லுவா."

சிரித்து முடித்ததும் டீச்சர் சொன்னார்: "ஓட்டு போட்டாலே ஆயிடாது. மேல உக்காந்திருக்கறவர் தனக்கு வேணுங்கற கேள்வியைக் கேட்டு நீங்க தலையாட்டினா, அது அவரோட ஜனநாயகம். கேள்வி கீழ இருந்து வரணும். அப்புறம், ஓட்டு ஒரு விஷயத்தைப் பத்தி இருக்கணும். ஒரு ஆளைப் பத்தி இல்ல."

"ஆளைப் பத்தி இருந்தா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு தேர்தல். இல்லேன்னா தண்டனை."

என் கட்டுரையின் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள்: யார் கேட்பது?

மார்ச் 4, செவ்வாய்

இன்று கூடத்தில் ரத்தம் சிந்திவிட்டது. வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன்.

மேலே ஓடும் இரும்புக் கம்பியில் உரித்த உடல்களைக் கொக்கியில் மாட்டித் தள்ளிவிடுவது ஒருவனுடைய வேலை. அவனுக்கும் கொக்கி என்றே பெயர். தராசுடைய அக்கா மகன். காலையில் தூணை ஒட்டியிருந்த சாக்கடை வலையைக் குனிந்து சுத்தம் செய்துகொண்டிருந்தாள் வாளியக்காவின் தங்கை. வாளியக்காதான் தரை கழுவும் பெண்களுக்கு மூத்தவள்; தங்கை வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"ஏய், ஒதுங்கு," என்றான் கொக்கி.

"அடைப்பு எடுத்துட்டு இருக்கேன்ல, ஒரு நிமிஷம் இரு."

"நிமிஷமா? நீ எனக்கு நிமிஷம் குடுக்கறியா?"

இரண்டு கையாலும் தள்ளினான். அரை உடல் கம்பியில் சறுக்கிக்கொண்டு வந்து அவளைத் தூணோடு சேர்த்து அடித்தது. முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் என் மேசைவரை கேட்டது. தினமும் எலும்பு உடைக்கும் இடம்தான். ஆனாலும் எல்லோரும் கையிலிருந்ததை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். உயிருள்ள எலும்பின் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது.

கொக்கி சிரித்தான். "இதுக்குப் போய் என்ன கூட்டம்? கத்தியா வச்சிருக்கா, கணக்குல வர்றதுக்கு?"

என் அண்ணன் எலும்பெடுக்கும் மேசையிலிருந்து எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. கம்பியைச் சரிசெய்யும் இரும்புத் தடியால் கொக்கியின் முகத்தில் அடித்தான். முதல் அடியிலேயே தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. கொக்கி தரையில் விழுந்து, ஈரத்தில் வழுக்கி வழுக்கிப் பின்னால் நகர்ந்தான். அண்ணன் விடவில்லை. முட்டியில் அடித்தான், தோளில் அடித்தான், பிறகு தடியைப் போட்டுவிட்டுக் காலால் உதைத்தான். ரப்பர் பூட்ஸ் விலாவில் படும்போதெல்லாம் கொக்கியின் வாயிலிருந்து ரத்தமும் காற்றும் வந்தன. நாலு பேர் சேர்ந்துதான் அண்ணனைப் பிரித்தார்கள்.

பிரிக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அவனைத் தெரியவில்லை. வீட்டில் கரப்பான் பூச்சியைக்கூட முறத்தில் ஏந்தி வெளியே விடுகிறவன்.

மார்ச் 5, புதன்

தராசு இன்று கேள்வியை அறிவித்தார். நாளை மாலை வேலை முடிந்ததும் வாக்கு. "கொக்கியை அடிச்சவன் கட்டைவிரலை உடைக்கலாமா, வேண்டாமா?"

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. கூடத்தைக் கைப்பற்றிய வருடம், முதலாளிக்கு உளவு சொன்ன ஒருவனுக்கு இதே தண்டனையை வாக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கையைக் கட்டையின் மேல் வைத்து, வெட்டரிவாளின் முதுகால் ஒரு அடி. கட்டைவிரல் போனவனால் கத்தி பிடிக்க முடியாது. கத்தி இல்லாதவனுக்குக் கூடத்தில் இடம் இல்லை.

"போலீஸ்கிட்ட போயிடலாம்ணா," என்றேன்.

"போலீஸ் வந்தா முதல்ல கூடத்துக்கு சீல் வைப்பான். முதலாளி அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான். அத்தனை குடும்பமும் என் ஒருத்தனால தெருவுக்கு வரணுமா?"

"அப்ப ஊரை விட்டுப் போயிடு."

"அன்னைக்கு அந்த உளவுக்காரனுக்கு நானும் வாசல் கட்டையிலதான் குத்தினேன். இப்ப எனக்குன்னு வந்ததும் ஓடினா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருப்பேன்?"

மதியம் கொல்லைப் பக்கத்துக் குழாயடியில் கொக்கியின் கூட்டாளிகள் மூன்று பேர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். குடல் அலசும் தொட்டியில் அவன் தலையை அமுக்கினார்கள். நான் ஓடிப்போய் ஒருவனுடைய முன்கையைக் கடித்தேன். தோல் பிய்ந்து வாய்க்குள் வந்தது. அவன் என்னைச் சுவரில் மோதினான். அண்ணன் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டே, "அவளை விடுங்கடா, அவளுக்குப் பரீட்சை இருக்கு," என்றான். அதைக் கேட்டு அவர்களில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பின்மண்டை வீங்கியிருக்கிறது. ஆனால் சுவரில் மோதிய பிறகுதான் அந்த யோசனை வந்தது. டீச்சர் சொன்னதை வைத்துப் பார்த்தால் தராசின் கேள்வி இரண்டு விதத்திலும் தப்பு. மேலேயிருந்து வருகிறது, ஒரு ஆளைப் பற்றியும் இருக்கிறது. அதற்குப் பதிலாகக் கீழேயிருந்து, ஆள் பெயர் இல்லாத ஒரு கேள்வி போனால்?

வாளியக்காவைத் தேடிப் போனேன். பூட்ஸ் கழுவும் இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சிக்கு எப்படிக்கா இருக்கு?"

"கை இருக்கு. வேலைக்குத்தான் ஆகாதாம்."

"நாளைக்கு எங்க அண்ணன் கையைக் கேக்கறாங்க."

"உங்களைக் கேட்டுட்டாவது உடைக்கறாங்க. எங்களைக் கேட்டா உடைச்சாங்க?"

அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பிறகு என் கேள்வியைச் சொன்னேன்: இந்தக் கூடத்தில் யார் யாரை அடித்தாலும், அடி வாங்கியவருக்குக் கத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடித்தவரின் கட்டைவிரலை உடைக்கலாமா, வேண்டாமா?

வாளியக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "அப்ப கொக்கிக்கும்?"

"கொக்கிக்கும்."

"எங்க தங்கச்சியும் ஆளுதான்னு ஆயிடும்?"

"ஆயிடும்க்கா."

அவள் என் கன்னத்தைத் தொட்டாள். ஈரக்கை. அவளிடம் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. இந்தக் கேள்வி தோற்க வேண்டும் என்றுதான் இதைச் செய்தேன். தராசு தன் அக்கா மகனைக் காப்பாற்றப் பார்ப்பார். மற்றவர்களும் தங்கள் கையை நினைத்துப் பயப்படுவார்கள். கூடத்தில் யாரையும் ஒரு தடவையாவது தள்ளாத ஆள் யார்? எல்லோரும் குளிர் கட்டையில் குத்துவார்கள். அதற்குப் பிறகு அண்ணனை மட்டும் தனியாகத் தண்டிக்க எவனுக்கும் வாய் வராது. கணக்குச் சரியாக இருப்பதாகத்தான் தெரிகிறது. எங்கோ ஒரு இடத்தில் தப்பியிருக்கிறேனோ என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

எடை மேசையில் என் கத்தியைக் குறுக்கே வைத்தேன். பக்கத்து மேசைகளில் வேலை நின்றது. குளிர் அறை மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வியைச் சொன்னேன். குரல் கீச்சென்று வந்தது.

"என்ன படிப்பு, இன்னைக்கு வகுப்பு இங்கயா?" என்று யாரோ ஒருவன் கேட்டான். மாலை வகுப்புக்குப் போவதால் எனக்கு அந்தப் பெயர்.

முதலில் அண்ணனின் மேசைக்காரர் ஒருவர் தன் கத்தியை என் கத்தி மேல் வைத்தார். பிறகு கொழுப்பு மேசைப் பெண்கள். பத்தைத் தாண்டிக் குவிந்துவிட்டது. தராசு அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

"என் கேள்வியை எடுத்துக்கறேன்," என்றார். "இந்தப் பொண்ணு கேட்டதுதான் கேள்வி. நான் என் வீட்டுப் பையனுக்காகக் கேட்டேன், இது எல்லாருக்கும். சரி. ஆனா 'யாரை அடிச்சாலும்'னு கேக்கறப்ப, அடி வாங்கறவங்க ஓட்டு போட வேண்டாமா?"

தேய்ந்த கத்திகள் போட்டு வைத்திருக்கும் பெட்டியைக் காலால் இழுத்தார். "கழுவறவங்க எல்லாரும் வாங்க. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க."

வாளியக்கா முதலில் வந்தாள். ஒரு பழைய உரிக்கும் கத்தியை எடுத்துப் புடவையில் துடைத்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்கள் வரிசையாக வந்தார்கள். சிலர் அழுதார்கள். ஒருத்தி கத்தியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டாள். ஒரு நிமிடம், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்தது. கட்டுரையில் நான் தவறாக எழுதிய 'எல்லோரும்' என் கண் முன்னால் நின்றது.

வாளியக்கா வாசல் கட்டையில் குத்தினாள். கத்தி ஆழமாக இறங்கியது. கழுவும் பெண்கள் ஒருத்தி விடாமல் அதிலேயே குத்தினார்கள். அடுத்து உரிப்பவர்கள், வெட்டுகாரர்கள். என் கணக்கு எங்கே தப்பியது என்று அப்போதுதான் புரிந்தது. குத்துவதற்கு முன் ஒவ்வொருவரும் கூட்டத்தில் ஒரு ஆளைப் பார்த்தார்கள். தன்னை எப்போதோ தள்ளிய ஆளை, அறைந்த ஆளை, வரிசையில் முடியைப் பிடித்து இழுத்த ஆளை. யாரும் தன் கையைப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு, அவன் விரலை நினைத்துக் குத்தினார்கள். குத்தின வேகத்தில் கட்டையிலிருந்து மரச்சிம்பு தெறித்தது.

கொக்கி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். பேச முடியாமல், தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

என் முறை வந்தபோது வாசல் கட்டையில் இடம் தேட வேண்டியிருந்தது. குளிர் கட்டைப் பக்கம் போயிருக்கலாம். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். கேட்டவளே மறுத்தால் கேள்வியே பொய் என்று ஆகிவிடும் என நினைத்தேன். பயந்தேன் என்பதும் உண்மை. இரண்டில் எது முதலில் வந்தது என்று இப்போது சொல்ல முடியவில்லை. வாசல் கட்டையில் குத்தினேன்.

குளிர் கட்டையில் நாலைந்து கத்திகள்தான் இருந்தன. ஒன்று அண்ணனுடையது. இன்னொன்று தராசுடையது.

எண்ணவே தேவைப்படவில்லை. தராசு இரண்டு கட்டைகளையும் பார்த்தார். "நான் தோத்துட்டேன்," என்றார். "விதி விதிதான். முதல்ல என் வீட்டுலேர்ந்து."

கட்டையில் பாதிக் கத்திகளைப் பிடுங்கி இடம் உண்டாக்கினார்கள். கொக்கியை இழுத்து வந்தார்கள். அவன் தரையில் கால்களைப் பரப்பிக்கொண்டு எதிர்த்தான். கட்டிய துணிக்குள்ளிருந்து மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேர் அவன் மணிக்கட்டின் மேல் ஏறி முட்டி போட்டார்கள். தராசு வெட்டரிவாளைத் திருப்பிப் பிடித்து, கட்டைவிரலின் அடியில் அவரே அடித்தார். ஒரு அடியில் உடையவில்லை. இன்னொரு தடவை அடித்தார். பிறகு அரிவாளை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

கழுவும் பெண்கள் கை தட்டினார்கள். கைதட்டல் முடிவதற்குள் அண்ணன் தானாகவே நடந்து வந்து கையைக் கட்டையில் வைத்தான். அப்போதுதான் வாளியக்காவின் முகம் மாறியது. "அய்யோ, இவன் எதுக்கு? இவன் எங்களுக்காக அடிச்சவன்!" என்று கத்தினாள்.

"யார் யாரை அடிச்சாலும்," என்றான் அண்ணனைக் குழாயடியில் அமுக்கியவர்களில் ஒருவன். அவன்தான் அரிவாளை எடுத்தான். "கேள்வி அப்படித்தான இருந்துச்சு?"

வாளியக்கா ஓடி வந்தாள். அவளைப் பிடித்துத் தள்ளினார்கள். அந்த நெரிசலில் அவளும் ஒருத்தியைக் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையைத் தூக்கியபடியே அப்படியே நின்றுவிட்டாள்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அரிவாளின் முதுகு இறங்கியது. முதல் அடிக்குச் சத்தமே போடவில்லை. வேண்டுமென்றே அடித்த இரண்டாவது அடிக்குத்தான் கத்தினான். விரல் பின்பக்கமாக மடங்கித் தோலில் தொங்கியது. கட்டையில் எஞ்சியிருந்த கத்திகளின் பிடிகளில் ரத்தம் தெறித்தது. அதில் ஒன்று என் கத்தி. அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டுதான் அவனை வெளியே கூட்டி வந்தேன். அடுத்த நாள் வேலைக்கு வேண்டுமே என்று தோன்றியது. அந்த நேரத்தில்கூட அப்படித் தோன்றியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். கம்பி வைத்தும் பார்க்கலாம், பிடி திரும்பாது என்றார்கள். இயந்திரத்தில் மாட்டிக்கொண்டதாக அண்ணனே சொல்லிவிட்டான்.

மாலை வகுப்புக்குப் போனேன். எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். கேள்வி கீழேயிருந்து வந்தது. ஆளைப் பற்றி இல்லை, விதியைப் பற்றி. கத்தி இல்லாதவர்களும் வாக்குப் போட்டார்கள். தலைவரே தோற்றார்.

"அப்ப இது நேரடி ஜனநாயகம்தானா டீச்சர்?"

வெகுநேரம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை.

"ஆமா," என்றார் கடைசியில். "நான் சொன்ன எல்லாம் அதுல இருக்கு. அப்படி இருந்தா நல்லது நடக்கும்னு நான் சொல்லவே இல்லையே."

எனக்குக் கோபம் வந்தது. டஸ்டரைப் பிடுங்கி ஜன்னலில் எறிந்தேன். கண்ணாடி உடைந்தது. அவர் திட்டவில்லை. இரண்டு பேரும் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினோம்.

வீட்டில் அண்ணன் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதி சட்டையில் சிந்தியிருந்தது.

"உன் கத்தியும் வாசல் கட்டையிலதான இருந்துச்சு?" என்று கேட்டான்.

"ஆமாண்ணா."

"பார்த்தேன்." இன்னொரு வாய் எடுத்தான். "பிடிக்க முடியாதவனுக்கு இனிமே கத்தி கிடையாது. நான் இனி 'எல்லாரும்'ங்கறதுல சேர்த்தியா, இல்லையா? உன் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

மார்ச் 8, சனி

கூடத்தில் யாரும் யாரையும் தொடுவதில்லை. வழியில் வந்தால் ஒதுங்கி நின்று போகச் சொல்கிறார்கள். இரண்டு நாளில் உலகமே பண்பட்டுவிட்டது. ஆனால் எல்லோரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். நேற்று உரிக்கும் இடத்தில் ஒருவன் கால் வழுக்கி அடுத்தவன் மேல் விழுந்தான். விழுந்தானா, தள்ளினானா என்று மதியம்வரை சண்டை. பழைய அடிகளை மட்டும் யாரும் கிளறவில்லை; குழாயடியில் நடந்ததை நானும் சொல்லவில்லை, சொன்னால் நான் கடித்ததும் கணக்கில் வரும்.

இன்று காலை, வியாழக்கிழமை வாளியக்காவிடம் அறை வாங்கியவள் தராசிடம் போனாள். அவளும் தரை கழுவுகிறவள்தான். கன்னத்தில் இன்னும் தடம் இருக்கிறது. விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்டாள். தராசு புதன்கிழமை என்று நாள் குறித்திருக்கிறார்.

சாயங்காலம் வாளியக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று அண்ணனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"தம்பி, நான் உன்னை நினைக்கவே இல்லடா. அந்த நாயை மட்டும்தான் நினைச்சேன்."

"தெரியும்க்கா," என்றான் அண்ணன். "நான் அடிக்கறப்ப உங்க தங்கச்சியை நினைச்சேன்னா நினைக்கறீங்க? எனக்கு அவனைப் பிடிக்காது, அவ்வளவுதான்."

வாளியக்கா சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"படிப்பு, போட்ட விதியை எடுக்கறதுக்கும் அதே மாதிரித்தான் கேக்கணுமா?"

"அதே மாதிரித்தான்க்கா. பத்துக் கத்தி வேணும்."

"பயந்தவன் எல்லாம் வைப்பான்னு நினைக்கறேன்."

"புதன்கிழமை உங்க கை வருதுன்னுதானே கேக்கறீங்க?" என்றேன். கொடுமையாகத்தான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஆமா," என்றாள் அவள். "அதுக்காகத்தான். வேற எதுக்காகக் கேப்பாங்க?"

போன தடவை போல இந்தத் தடவையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யார் யாரைப் பார்த்துக் குத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது. கொக்கியின் கூட்டாளிகள் அவன் கை போன பிறகு மற்றவர்களுடைய கை மட்டும் ஏன் மிஞ்ச வேண்டும் என்று நினைக்கலாம். தோற்கலாம். தோற்றால் வாளியக்காவின் கை.

நாளை ஞாயிறு, கூடம் மூடியிருக்கும். எலும்பெடுக்கும் மேசைக்காரர்களை அவரவர் வீட்டில் போய்ப் பார்த்து, திங்கட்கிழமை என் கத்தி மேல் கத்தி வைப்பார்களா என்று கேட்க வேண்டும். கொக்கியின் வீட்டுக்கும் போக வேண்டும். கிளம்புவதற்கு முன் அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட வேண்டும்.